மறைபரப்புத் தளம் நம் வாசலுக்கு வந்துவிட்டது: நம் கல்லூரி மாணவரைத் தயாரிப்பது யார்?



2025-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் ஞாயிறன்று, உரோமை நகரின் புனித பேதுரு சதுக்கத்தில் மறைபரப்புப் பணியாளருக்கும் இடம்பெயர்ந்தோருக்குமான யூபிலி ஒருசேரக் கொண்டாடப்பட்டது. அன்றைய திருப்பலியில் மறையுரை ஆற்றிய திருத்தந்தை பதினான்காம் லியோ, நம்மை நின்று சிந்திக்க வைக்கும் கருத்தொன்றை முன்வைத்தார். மறைபரப்பு என்றால் புறப்பட்டுப் போவது என்றே நெடுங்காலமாக எண்ணி வந்தோம். இன்றோ வறுமையும் துயரமும் நல்வாழ்வுக்கான ஏக்கமும் நாம் இருக்கும் இடத்திற்கே வந்து சேர்கின்றன. எனவே இருக்கும் இடத்தில் இருந்துகொண்டே, வருவோரை வரவேற்று, அவர்களோடு உடன்நின்று கிறிஸ்துவை அறிவிப்பதும் இக்காலத்தின் மறைபரப்பே. இதுவே அவர் கூறியதன் சாரம்.

இதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. சிகாகோவில் பிறந்த அவர், அகுஸ்தினார் சபைத் துறவியாக 1985-ஆம் ஆண்டு பெரு நாட்டுக்குச் சென்றார். அங்கே பல ஆண்டுகள் உழைத்து, பின்னாளில் சிக்லாயோ மறைமாவட்டத்தின் ஆயராகவும் பணியாற்றினார். 2025 மே 8-ஆம் நாள் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மாடத்தில் தோன்றியபோது, இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டிருந்தவர் இடையே இஸ்பானிய மொழிக்கு மாறித் தம் பழைய மறைமாவட்டத்து மக்களை வாழ்த்தினார். வேற்று மக்களின் மொழி ஒருவருடைய நெஞ்சில் குடியேறிவிட்டால், அது அவரை விட்டு அகல்வதில்லை.

திருத்தந்தையின் இந்த அழைப்பைத் தமிழகத் திருச்சபை எவ்வாறு ஏற்கப்போகிறது? இக்கேள்வியை எழுப்பும்போது நம் கண்முன் வருவோர் நம் கல்லூரி மாணவ மாணவியரே. அவர்களிடம் ஆர்வம் இருக்கிறது. உடல் வலிமை இருக்கிறது. புதிய மொழியைச் சட்டெனப் பிடித்துக்கொள்ளும் வயதும் இருக்கிறது. ஆனால் வேற்றுப் பண்பாட்டு மக்களிடையே பணியாற்ற வேண்டிய பயிற்சி இருக்கிறதா? அதை யார் தருவது, எவ்வாறு தருவது என்பதைச் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

பாரிஸ் மாணவரும் முத்துக்குளித்துறையும்

கல்லூரி மாணவருக்கும் மறைபரப்புக்கும் உள்ள உறவு நமக்குப் புதியதல்ல. புனித பிரான்சிஸ் சவேரியார் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அங்கே தம்மோடு தங்கியிருந்த இஞ்ஞாசியாரின் நட்பால் மனம் மாறியவர். 1534 ஆகஸ்டு 15-ஆம் நாள் மோன்மார்த்தர் குன்றில் வாக்களித்த ஏழு தோழர்களும் அப்பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்களே. இயேசு சபை ஒரு மாணவர் விடுதியில் கருக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

1542-இல் கோவா வந்து சேர்ந்த சவேரியார், அவ்வாண்டே நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544 ஜனவரி 15-ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்கு, சிறப்பாகப் பாரிஸுக்குச் சென்று, மதியிழந்தவனைப் போல் கூவி அழைக்க வேண்டும் என்ற எண்ணம் தமக்கு எழுவதாக அதில் குறிப்பிடுகிறார். பதவிக்காகவும் புகழுக்காகவும் படிப்போர், தங்கள் அறிவுக்குக் கடவுளிடம் கணக்குக் கொடுக்க வேண்டியிருப்பதை நினைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்பது அவரது ஆதங்கம். நம் கடற்கரை மக்களிடையே வாழ்ந்த நாள்களில்தான் அந்த ஆதங்கம் அவருக்குள் எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அதே சவேரியாரின் பணியில் இன்னொரு பாடமும் உண்டு. அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். அது பெரிய தொடக்கம். ஆயினும் அத்தொடக்கம் வேர்விட இன்னொருவர் தேவைப்பட்டார். அவர்தான் அண்டிரிக் அடிகளார் எனப்படும் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். அவர் அமர்ந்து தமிழ் கற்றார். போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சேற்றினார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக இம்மண்ணிலேயே உழைத்து, 1600-ஆம் ஆண்டு இங்கேயே இறந்தார்.

சவேரியாரின் அனல் ஒருபுறம், அண்டிரிக் அடிகளாரின் பொறுமை மறுபுறம். இரண்டும் சேர்ந்தபோதுதான் முத்துக்குளித்துறையில் விசுவாசம் வேரூன்றியது. இன்று நம் இளையோர் கூட்டங்களில் அனல் மூட்டப்படுகிறது. பொறுமையைக் கற்பிக்கும் இடம் எது என்பதே நம் கேள்வி.

வந்திருப்போர் யார்?

திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில், சென்னையின் கட்டுமானத் தளங்களில், கோவையின் பட்டறைகளில், நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளில் இன்று ஒலிக்கும் மொழிகள் பல. ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம், மேற்கு வங்காளம் எனப் பல மாநிலங்களிலிருந்தும் உழைப்பாளர் வந்திருக்கின்றனர். நாம் குடியிருக்கும் வீட்டின் சுவரை எழுப்பியவர், உணவகத்தில் நம் இலையை எடுத்தவர், நெல் வயலில் நாற்று நட்டவர் என அவர்கள் இல்லாத இடமில்லை.

அவர்களை நம்மவர் அழைக்கும் பெயர் என்ன? ‘வடக்கன்’, ‘ஹிந்திக்காரன்’. ஒடிசாக்காரருக்கும் அசாம்காரருக்கும் தாய்மொழி இந்தி இல்லை என்பதைக்கூட அறிந்துகொள்ள நமக்கு நேரமிருப்பதில்லை. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அஞ்சிய தொழிலாளர் பலர் ரயில் நிலையங்களில் குவிந்தனர். பீகார் அரசு இங்கே ஒரு குழுவை அனுப்பியது. அவை பொய் எனக் காவல்துறை விளக்கியபின் பதற்றம் தணிந்தது. ஒரு பொய் இவ்வளவு விரைவில் பரவியதற்குக் காரணம் என்ன? இரு தரப்புக்கும் இடையே பேச்சு இல்லை, பழக்கம் இல்லை. அயலாரின் பெயர் தெரிந்திருந்தால் அவரைப் பற்றிய வதந்தியை நம்புவது கடினம்.

இவர்களுள் நம் விசுவாசச் சகோதரர்கள் பலர் உண்டு. ஜார்க்கண்டின் ஆதிவாசிக் கத்தோலிக்கரை எடுத்துக்கொள்வோம். 1885-இல் அப்பகுதிக்கு வந்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ், அம்மக்களின் மொழியைக் கற்றார். அவர்களை வாட்டிய நில வழக்குகளைப் புரிந்துகொள்ளச் சட்டத்தையும் கற்றார். நிலக்கிழார்களின் கொடுமைக்கு எதிராக நீதிமன்றம் செல்ல அவர்களுக்கு வழிகாட்டினார். அவருக்குப் பின் வந்த ஜெர்மானியரான ஜான் ஹாஃப்மன், முண்டாரி மொழிக்கும் பண்பாட்டுக்கும் பல தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியம் படைத்தார். ஆதிவாசிகளின் நிலத்தைக் காக்கும் 1908-ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டத்தின் உருவாக்கத்தில் பங்காற்றினார். 1909-இல் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார். லூவன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது இறையழைத்தலை உணர்ந்த காமில் புல்கே, ராஞ்சியில் வாழ்ந்து, இராமகதையைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேட்டை இந்தியிலேயே எழுதினார். 1968-இல் வெளிவந்த அவரது ஆங்கில இந்தி அகராதியை மாணவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். 1974-இல் அவருக்கு நடுவண் அரசு பத்மபூஷண் விருது வழங்கியது.

இத்தகைய பணியில் வளர்ந்த திருச்சபையின் மக்கள்தாம் இன்று நம் ஊரில் செங்கல் சுமக்கின்றனர். ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்திலிருந்து வருவோர் சுமந்து வரும் நினைவுகளோ இன்னும் கனமானவை. 2008 ஆகஸ்டில் தொடங்கிய வன்முறையில் அங்குள்ள கிறிஸ்தவர்கள் உயிரையும் வீட்டையும் ஆலயத்தையும் இழந்தனர். விசுவாசத்திற்காக அங்கே உயிர்நீத்தோரில் 35 பேருக்குப் புனிதர் பட்டத்திற்கான பணிகளைத் தொடங்க 2023-இல் வத்திக்கான் இசைவு அளித்தது. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில், நம் மொழி புரியாமல் நிற்கும் இளைஞர் ஒரு மறைசாட்சியின் உறவினராக இருக்கக்கூடும். நாம் அவருக்கு விசுவாசம் கற்பிக்கப் போவதற்கு முன், அவரிடமிருந்து கேட்டறிய வேண்டியது நிறைய உண்டு.

இன்னொரு செய்தியும் நம் மாணவருக்கு வியப்பளிக்கும். ஜார்க்கண்டின் உராவ் மக்கள் பேசும் குருக் மொழியும், கந்தமால் பகுதியின் குயி மொழியும் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. யாரை அயலார் என்று ஒதுக்குகிறோமோ, அவர்களுள் ஒரு சாரார் மொழியால் நமக்கு உறவினர்.

ஆர்வம் மட்டும் போதாது

‘வடநாட்டு மறைபரப்புக்கு இளைஞர்களை அனுப்புவோம்’ என்னும் முழக்கம் அவ்வப்போது எழுகிறது. நல்ல முழக்கமே. ஆயினும் இன்றைய நாட்டு நடப்பை அறியாமல் எவரையும் அனுப்புவது பொறுப்பான செயலாகாது.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, ஒருவர் தம் சமயத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977-இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமையை உள்ளடக்காது எனத் தீர்ப்பளித்தது. 1967-இல் ஒடிசாவில் தொடங்கிய மதமாற்றத் தடைச் சட்டங்கள் இன்று பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உள்ளன. தமிழகத்தில் 2002-இல் கொண்டுவரப்பட்ட சட்டம் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. உத்தரப்பிரதேசத்திலோ 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமுண்டு. தொடர்பில்லாத எவரும் புகார் அளிக்கவும் முடியும்.

2025 ஜூலை 25-ஆம் நாள் சத்தீஸ்கர் மாநிலத்தின் துர்க் ரயில் நிலையத்தில் நடந்தது நம் நெஞ்சைவிட்டு நீங்காது. கேரளத்தைச் சேர்ந்த இரு அருள்சகோதரிகள், வேலைக்காக ஆக்ராவுக்குச் செல்லவிருந்த இளம்பெண்களை அழைத்துச் செல்ல வந்திருந்தனர். ஆள்கடத்தல், கட்டாய மதமாற்றம் என்ற குற்றச்சாட்டுகளில் அவர்கள் கைது செய்யப்பட்டனர். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்டு 2-ஆம் நாள் அவர்களுக்குப் பிணை கிடைத்தது. அனுபவம் மிக்க துறவியருக்கே இந்நிலை என்றால், பத்து நாள் விடுமுறையில் கையில் கைபேசியோடு செல்லும் இருபது வயது மாணவரின் நிலை என்ன?

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மாணவர் பத்து நாளில் ஊர் திரும்பிவிடுவார். அவர் எடுத்துப் பரப்பிய ஒரு புகைப்படத்தால், அவர் ஆர்வத்தில் உதிர்த்த ஒரு சொல்லால் வரும் வழக்கையும் வசையையும் சுமக்கப்போவது அந்த ஊர்ப் பங்குத்தந்தையும் அங்குள்ள எளிய விசுவாசிகளும்தான். பயிற்சி என்பது நம் மாணவரின் பாதுகாப்புக்காக மட்டும் தரப்படுவதன்று. அவரை வரவேற்கும் மக்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.

திருச்சபையின் போதனையும் இதற்குத் துணை நிற்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7-ஆம் நாள் ஒரே நாளில் இரு ஏடுகளை வெளியிட்டது. ஒன்று மறைபரப்புப் பணி பற்றியது. மற்றொன்று சமய உரிமை பற்றியது. அறிவிக்கும் கடமையையும் பிறர் மனச்சான்றின் விடுதலையையும் திருச்சபை ஒன்றாகவே ஏற்றுக்கொண்டது. விசுவாசம் எவர்மீதும் திணிக்கப்படலாகாது. பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், திருச்சபை கவர்ச்சியால் வளர்கிறதேயன்றி ஆள்சேர்ப்பால் வளர்வதில்லை என 2007-இல் அப்பரேசிதாவில் கூறியதையும் திருத்தந்தை பிரான்சிஸ் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னதையும் நாம் அறிவோம். ரேஷன் பொருள் வாங்க உதவிவிட்டு, அதற்குக் கைம்மாறாகச் செபக்கூட்டத்திற்கு வரச் சொல்வது நற்செய்திக்கு எதிரானது. இதை நம் மாணவர் முதல் நாளிலேயே கற்க வேண்டும்.

அடுத்த தெருவே முதல் மறைபரப்புத் தளம்

பண்பாட்டு எல்லையைக் கடப்பது பற்றிப் பேசும் நாம், நம் ஊரிலுள்ள எல்லையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஒடிசாவுக்குச் செல்ல ஆயத்தமாயிருக்கும் இளைஞர், தம் பங்கிலேயே அடுத்த தெருவில் உள்ள நண்பரின் வீட்டில் உணவு உண்டிருக்கிறாரா? சாதியின் பெயரால் தனித்தனிக் கல்லறைகளும் தனித்தனித் தேர்ப்பவனிகளும் பற்றிய செய்திகள் நம் நாட்டுத் திருச்சபையிலிருந்து இன்னும் மறையவில்லை. தலித் கிறிஸ்தவர்களின் மேம்பாட்டுக்கென இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தனிக் கொள்கை ஒன்றையே வெளியிட வேண்டியிருந்தது.

இதற்கு வரலாற்றுப் பாடமும் உண்டு. 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, தமிழையும் வடமொழியையும் கற்று, உணவையும் உடையையும் மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். பண்பாட்டை மதித்து நற்செய்தி அறிவிப்பதில் உலகுக்கே அவர் முன்னோடி. ஆனால் அக்காலத்து மதுரை மறைப்பணியில் ஒரு சாராருக்குத் தனியாகவும், ஒடுக்கப்பட்டோருக்குப் ‘பண்டாரசுவாமிகள்’ வழியாக வேறாகவும் பணியாற்றும் முறை ஏற்பட்டது. சமூகத்தின் பிளவு திருச்சபைக்குள்ளும் தொடர அது இடம் தந்தது. பண்பாட்டைக் கற்பது ஒன்று, பண்பாட்டின் பாவத்திற்குப் பணிவது வேறொன்று. இவ்வேறுபாட்டைப் பகுத்தறியும் கண் நம் மாணவருக்கு வேண்டும். அது தம் சொந்தத் தெருவில்தான் முதலில் திறக்கும்.

எத்தகைய பயிற்சி?

திருத்தூதர் பணிகள் நூல் நமக்கு அழகான பாடம் ஒன்றை வைத்திருக்கிறது (திப 8:26-40). எத்தியோப்பிய அரசு அலுவலர் தேரில் அமர்ந்து எசாயாவின் நூலை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு அருகே ஓடுகிறார். அவர் வாசிப்பதைக் கேட்கிறார். பிறகு ஒரு கேள்வி கேட்கிறார். அழைக்கப்பட்ட பின்னரே ஏறி அருகில் அமர்கிறார். அதன் பிறகுதான் இயேசுவைப் பற்றிப் பேசுகிறார். பேச்சுக்கு முன்னால் ஓட்டமும் கேட்டலும் கேள்வியும் காத்திருத்தலும் உள்ளன. இந்த ஒழுங்கையே பயிற்சித் திட்டமாகக் கொள்ளலாம்.

முதலாவது, மொழி. முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், ஓராண்டில் இந்தியிலோ ஒடியாவிலோ நலம் விசாரிக்கவும், மருத்துவமனையில் உடன்நின்று பேசவும், செபம் சொல்லவும் கற்றுக்கொள்ள முடியும். ஆசிரியர் வேறெங்கும் இல்லை. நம் பங்கிலேயே தங்கியிருக்கும் தொழிலாளர்தாம். அவரை ஆசிரியர் இருக்கையில் அமர்த்துங்கள், உரிய மதிப்பூதியமும் கொடுங்கள். உதவி பெறுபவராகவே பார்க்கப்பட்டு வந்தவர் குருவாக அமரும்போது உறவின் தன்மையே மாறிவிடும்.

இரண்டாவது, வரலாறு. லீவன்ஸ், ஹாஃப்மன் வரலாறும் கந்தமாலின் கண்ணீரும் தெரியாமல் அம்மக்களோடு உறவாட முடியாது. ஆதிவாசிகளின் சர்குல், கரம் விழாக்கள், நிலத்தோடும் காட்டோடும் அவர்களுக்குள்ள பிணைப்பு ஆகியவற்றையும் மாணவர் கற்க வேண்டும்.

மூன்றாவது, பயனுள்ள கைத்திறன். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் பிற மாநிலத்தவரும் இங்கே பொருள் பெறலாம். எந்தக் கடையில், எந்தச் சான்றுடன் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்பது எப்படி, இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பதிவது எப்படி, கூலி பாக்கி வைக்கும் மேஸ்திரிமீது எங்கே முறையிடுவது? லீவன்ஸ் அடிகளார் சட்டம் கற்றதுபோல நம் மாணவரும் இவற்றைக் கற்கலாம். 2020 மார்ச்சு ஊரடங்கின்போது நெடுஞ்சாலைகளில் நடந்துபோன கால்களை நாம் பார்த்தோம். அத்தகைய நாள் மீண்டும் வந்தால், யாரைத் தொடர்புகொள்வது என்பதை அறிந்த இளைஞர் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும்.

நான்காவது, உடன்வாழ்தல். மூன்றாம் ஆண்டு விடுமுறையில் ஒரு மாதம், வடமாநிலப் பங்கு ஒன்றில் அங்குள்ள ஆயரின் இசைவோடும் பங்குத்தந்தையின் வழிகாட்டுதலோடும் தங்கட்டும். மேடை ஏறுவதும் போதிப்பதும் படமெடுத்துப் பதிவிடுவதும் வேண்டா. அவர்கள் உண்பதை உண்டு, அவர்களோடு வயலில் இறங்கி, அவர்கள் செபிக்கும்போது உடன் செபித்து வந்தால் போதும்.

ஐந்தாவது, செபமும் வழிகாட்டுதலும். தனிமை, நோய், ஏமாற்றம், தன் பெருமை ஆகிய அனைத்தும் வேற்று மண்ணில் ஒருவரை வாட்டும். அவற்றைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆன்ம வழிகாட்டி இல்லாமல் எவரையும் அனுப்பலாகாது. திரும்பி வந்த பிறகும் குழுவாக அமர்ந்து பார்த்தவற்றை ஆய்ந்து சிந்திக்க வேண்டும். இல்லையேல் அது சுற்றுலாவாகவே முடிந்துவிடும்.

முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா எனச் சிலர் ஐயுறலாம். கேரளத்தில் தோன்றி, 2016-இல் வத்திக்கானின் அங்கீகாரம் பெற்ற ‘ஜீசஸ் யூத்’ இயக்கத்தில், படிப்பை முடித்த இளையோர் ஓராண்டை முழுநேரப் பணிக்கென அளிக்கும் வழக்கம் இருக்கிறது. 1924-இல் தோன்றிய அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் இயக்கமான ஐக்கஃப், சமூகத்தைப் பகுத்தாய்ந்து ஏழைகள் பக்கம் நிற்கப் பல தலைமுறை மாணவரைப் பழக்கியது. அதை வழிநடத்திய அருள்தந்தை பியர் செராக், 1937-இல் பிரான்சிலிருந்து வந்து தமிழ் கற்றவர். மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்ற அவர், பின்னாளில் தாய்லாந்து எல்லையிலிருந்த கம்போடிய அகதிகளிடையே பல ஆண்டுகள் பணியாற்றினார். பிரிந்த சபைச் சகோதரர்களிடமும் நாம் கற்கலாம். 1903-இல் திருநெல்வேலியில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம், வெளிநாட்டாரை எதிர்பாராமல் தமிழரின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு மண்ணிலுள்ள தோர்னக்கலுக்குப் பணியாளரை அனுப்பியது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அசரியா, தாமே அங்குச் சென்று தெலுங்கு மக்களோடு வாழ்ந்தார்.

நம் காலத்திலேயே நாம் கண்ட சான்று அருள்தந்தை ஸ்டேன் சுவாமி. 1937-இல் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த அவர், ஜார்க்கண்டின் ஆதிவாசிகளைத் தம் மக்களாக ஏற்றுக்கொண்டார். அவர்களின் நில உரிமைக்காகவும், விசாரணையின்றிச் சிறையில் வாடிய இளைஞருக்காகவும் குரல் கொடுத்தார். 2020 அக்டோபர் 8-ஆம் நாள் கைது செய்யப்பட்டு, நடுக்குவாத நோயுடன் சிறையில் இருந்து, பிணை கிடைக்காத நிலையிலேயே 2021 ஜூலை 5-ஆம் நாள் 84-ஆவது வயதில் இறந்தார். ஒரு தமிழர் வேற்று மக்களை எவ்வளவு தூரம் நேசிக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்வே அளவுகோல்.

பெற்றோரின் அச்சமும் நியாயமே

‘என் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போக வேண்டும், இந்த நேரத்தில் இதெல்லாம் எதற்கு?’ என்று பெற்றோர் கேட்பர். இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் பிள்ளை, கல்விக் கடனை அடைக்க வேண்டிய பிள்ளை, தங்கையின் திருமணத்தைத் தோளில் சுமக்கும் பிள்ளை என நம் மாணவருள் பலர் இருக்கின்றனர். அவர்களிடம் ஓராண்டைக் கேட்பது அநீதி. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரத்தைக் கேட்கலாம். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளிடம் ஓராண்டையே கேட்கலாம். ஏழை மாணவர் ஒருவர் ஓராண்டைத் தர விரும்பினால், அவர் குடும்பத்தின் தேவையைப் பங்கு ஏற்க வேண்டும். மகளிரின் பாதுகாப்புக்கு அருள்சகோதரியரின் இல்லங்களோடு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

கல்லூரிகளுக்கும் ஒரு சொல். கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவற்றில் விரிவாக்கப் பணி பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. புலம்பெயர் தொழிலாளரின் மொழி கற்பதும் அவர்களுக்கு வழிகாட்டுவதும் அதில் ஒரு பகுதியாகலாம். இப்பணியில் இந்து, இசுலாமிய மாணவரும் மகிழ்வோடு கைகோர்ப்பர். விசுவாசப் பயிற்சி கத்தோலிக்க மாணவருக்குத் தனியே நடக்கட்டும். இரண்டையும் கலந்து குழப்புவது இருவருக்கும் நியாயமன்று.

என்ன செய்யலாம்?

அன்பார்ந்தவர்களே, 1926-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் பயஸ் உலக மறைபரப்பு ஞாயிறை ஏற்படுத்தினார். அன்றிலிருந்து ஆண்டுதோறும் அக்டோபரில் நாம் காணிக்கை தருகிறோம், அது தொடரட்டும். அதனோடு சில சிறு காரியங்களையும் ஒவ்வொரு பங்கும் இவ்வாண்டே தொடங்கலாம். நம் பங்கு எல்லையில் வாழும் பிற மாநிலத்தார் எத்தனை பேர், எந்த ஊர், எந்த மொழி என்று அன்பியங்கள் வழியாக அறிந்துகொள்வோம். அவர்களுள் கத்தோலிக்கர் இருந்தால், மாதம் ஒருமுறையேனும் ஒரு வாசகமும் ஒரு பாடலும் அவர்கள் மொழியில் ஒலிக்கட்டும். ஐந்து கல்லூரி மாணவரைத் தேர்ந்து மூன்றாண்டுகள் தொடர்ந்து பயிற்றுவிப்போம். ஐந்நூறு பேர் கூடிக் கலையும் பேரணியைவிட, நிலைத்து நிற்கும் ஐவர் திருச்சபைக்குப் பெரும் பயன் தருவர்.

நாமும் ஒரு காலத்தில் அயலாரின் வருகையால் ஆசி பெற்றவர்கள். அருளானந்தர் ஓரியூரில் இரத்தம் சிந்தியதும், இத்தாலியில் பிறந்தவர் வீரமாமுனிவராகித் தேம்பாவணி பாடியதும் நமக்காகவே. அவர்கள் நம் மொழியைக் கற்றதால் நாம் கிறிஸ்துவை அறிந்தோம். அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் வாய்ப்பு இன்று ரயிலேறி நம் ஊருக்கே வந்திருக்கிறது.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்பவரிடம் சென்று அவர் பெயரைக் கேட்போம். அவர் மொழியில் வணக்கம் சொல்வது எப்படி என்று, கூட வந்த நம் கல்லூரிப் பிள்ளை அவரிடமே கேட்டுக் கற்கட்டும். பயிற்சி அங்கே தொடங்கும். மற்றதைத் தூய ஆவியார் நடத்துவார்.